உப்புத்தாளும் ஒரு டீ நேரமும்

படுத்தாச்சா? போர்வைய இழுத்துக்க. காலைத் தூக்கி என் மேல போடாத கண்ணு, கனக்குது. சரி, நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். கொட்டலன்னா நான் சுவத்துக்குக் கதை சொல்ற மாதிரி ஆயிரும். சுவத்துக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும்.

"ம்."

அப்படித்தான்.

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் இருந்துச்சாம்.

என்ன, சைக்கிளான்னு கேக்குற? ஆமா, சைக்கிள்தான். ராஜா நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு, இன்னைக்கு அவருக்கு லீவு. ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் இருந்துச்சு. அந்தச் சைக்கிளுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தா. அவ பேரு சந்தனமாரி.

அது கடக்கரையோரத்துல உப்பளத்து ஊரு. எங்க பாத்தாலும் பாத்தி பாத்தியாத் தண்ணி. வெயில்ல அந்தத் தண்ணி காஞ்சு காஞ்சு உப்பா நிக்கும். அதை வாரி வாரிக் கரையில குவிப்பாங்க. வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும். சந்தனமாரிக்கு அங்க உப்பு வாருற வேலை. விடியறதுக்குள்ள போவா, உச்சி வெயிலுக்குக் கரையேறிருவா. காலெல்லாம் உப்புத்தண்ணியில நின்னு நின்னு வெடிச்சிருக்கும். அதைப் பத்தி அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. சொன்னா மட்டும் உப்பு இனிச்சிருமா?

"ம்."

அவளுக்கு ஒரு புருஷன். பேரு கோட்டைச்சாமி. அவன் லாரியில கிளீனரா இருந்தான். கிளீனர்னா லாரியத் துடைக்கிறவன் மட்டும் இல்ல. டயர் கழட்டுறது, ஜாக்கி போடுறது, தார்ப்பாய் கட்டுறது, டிரைவர் தூங்கிராம பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருக்குறது, எல்லாம் அவன் வேலைதான். அந்த லாரி உப்பு ஏத்திக்கிட்டு மலையாளத்துக்குப் போவும். வரும்போது ஓடு ஏத்திக்கிட்டு வரும். மறுபடி போவும். வீட்டுப் பக்கம் வர்றது கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு தடவை, தீவாளிக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

அப்போ சந்தனமாரி புருஷன எப்பதான் பாப்பா?

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாப்பா. ஊருக்கு வெளியே, முள்ளுக்காட்டத் தாண்டிப் போனா நாலு ரோடு சேருற இடம். அங்க மரியபுஷ்பம்னு ஒரு அக்காவோட டீக்கடை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல லாரி அங்க வந்து நிக்கும். ஏன் நிக்கும்? டிரைவர் சுடலை அண்ணாச்சி டீ குடிக்கணும், அதுக்காக நிக்கும்.

அண்ணாச்சி நல்ல மனுசன்தான். ஆனா கறார். "ஒரு டீ குடிக்கிற நேரம் நிப்பேன். அதுக்கு மேல நின்னா என்ஜின் ஆறிரும், முதலாளி கொதிச்சிருவாரு" அப்படிம்பாரு.

அதனால கோட்டைச்சாமி என்ன செய்வான்னா, லாரியில இருந்து குதிச்சதும் குதிக்காததுமா கடைக்குள்ள ஓடி, "அக்கா, அண்ணாச்சிக்குக் கொதிக்கக் கொதிக்கப் போடுங்க. நாக்கு பொசுங்கணும்" அப்படின்னு காதோரமாச் சொல்லிருவான். மரியபுஷ்பமும் சிரிச்சுக்கிட்டே நுரை தளும்பத் தளும்ப ஆவி பறக்கக் குடுப்பா. ஆனா சுடலை அண்ணாச்சி இருக்காரே, அவரு வாயி தகரத்துல செஞ்சது. மடக்கு மடக்குனு குடிச்சிருவாரு.

அந்த நேரத்துக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் பேசணும். என்ன பேசுவாங்க தெரியுமா?

"சாப்ட்டியளா?"

"ம். நீ?"

"ம்."

பாம்! பாம்! அண்ணாச்சி ஹாரன் அடிச்சிருவாரு. லாரி போயிரும். தூசி மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்துல நிக்கும், அப்புறம் அதுவும் போயிரும். அதுக்கு அப்புறம்தான் சந்தனமாரிக்குப் பேச வேண்டியதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வரும். ஆட்டுக்குட்டி ஈன்ற கதை, கூரை ஒழுகுற கதை, அன்னைக்கு ராத்திரி கனவுல அவன் வந்துட்டு பேசாமப் போன கதை. எல்லாத்தையும் மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வருவா. வந்து நின்னா, வாயில வர்றது மறுபடியும், "சாப்ட்டியளா?"

சிரிக்கிற நீ. தூக்கம் வரலையா?

"ம்."

இது எந்த 'ம்'னு தெரியல. சரி போவட்டும்.

இப்ப சைக்கிளுக்கு வருவோம். அளத்துல வேலை முடிஞ்சு முகம் கழுவிக்கிட்டுக் கிளம்பினா, நடந்து போயி லாரியப் புடிக்க முடியாது. சைக்கிள்ல போனாத்தான் உண்டு. அது கோட்டைச்சாமி ஓட்டுன பழைய சைக்கிள். சீட்டு அவளுக்கு உசரம். எக்கி எக்கித்தான் மிதிப்பா. ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சைக்கிளுக்கு ரெக்கை முளைச்ச மாதிரி ஓடும். சர்ர்ர்னு முள்ளுக்காட்டுக்குள்ள பூந்து, கிளிங் கிளிங்னு ஆடு மாட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு...

அப்போ ஒரு வெள்ளிக்கிழமை.

டப்!

புஸ்ஸ்ஸ்ஸ்...

கருவேல முள்ளு. முன்சக்கரத்துல காத்து மொத்தமும் இறங்கிப்போச்சு. சந்தனமாரி இறங்கிப் பாக்குறா. சக்கரம் செத்த ஓணான் மாதிரி சப்புனு கெடக்கு. பஞ்சர் கடை எங்க இருக்கு? நாலு ரோட்டுக்கும் அங்கிட்டு, டவுனுல இருக்கு. சைக்கிள் ஓடினாத்தான் பஞ்சர் கடைக்குப் போவலாம். ஓடுற சைக்கிளுக்குப் பஞ்சர் கடை எதுக்கு? எவன் யோசிச்சு அங்க கடை வச்சானோ.

தள்ளிக்கிட்டே ஓடினா. வேர்த்து விறுவிறுத்து நாலு ரோட்டுக்குப் போனா, மரியபுஷ்பம் கிளாஸ் கழுவிக்கிட்டு இருக்கா.

"போயிருச்சாக்கா?"

"இப்பத்தான் புள்ள. உன் வீட்டுக்காரரு படியில நின்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு. கழுத்து சுளுக்கியிருக்கும்."

அந்த வாரம் சந்தனமாரிக்கு உப்பு வாரினதும் தெரியல, சோறு தின்னதும் தெரியல.

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை, டவுனுக்குப் போற ஆளுகிட்ட சக்கரத்தக் குடுத்துவிட்டு ஒட்டி வாங்கி, எப்படியோ வந்து சேந்தா. கோட்டைச்சாமி லாரியில இருந்து குதிச்சான். "ஏட்டி, போன வாரம் எங்க போன?"

"பஞ்சரு."

"அட, இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டு மலையாளம் பூரா சுத்தினேன்." அப்படிச் சொல்லிட்டு லாரிக்குள்ள கைய விட்டு ஒரு தகர டப்பாவ எடுத்தான். பழைய டியூப்புத் துண்டு, கத்திரி, சொல்யூஷன், டயர நெம்புறதுக்குத் தட்டையாக்கின ரெண்டு கரண்டிக் காம்பு, எல்லாம் இருந்துச்சு. சின்னப் பம்பு ஒண்ணும் குடுத்தான்.

"இந்தா, இது உனக்கு. கேட்டுக்க. கரண்டிக் காம்பால டயர நெம்பி டியூப்ப வெளிய எடு. கொஞ்சம் காத்தடிச்சுத் தண்ணியில முக்கு. எங்க குளுக் குளுக்குனு குமிழி வருதோ அங்கதான் ஓட்டை. துடைச்சிட்டு, உப்புத்தாள வச்சு அந்த இடத்த நல்லாத் தேய். அப்புறம் சொல்யூஷன் தடவு. தடவிட்டு உடனே ஒட்டிராத. ஒரு டீ நேரம் காயவிடு."

"ஒரு டீ நேரம்னா?"

கோட்டைச்சாமி திரும்பிப் பாத்தான். சுடலை அண்ணாச்சி கிளாஸக் கவுத்து அடியில கெடந்த சக்கரையக்கூட விடாம உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு. "அந்தா, அவரு குடிக்கிற நேரம்தான். காஞ்சதுக்கு அப்புறம் ஒட்டு. கைய வச்சு நல்லா அமுக்கு. சரியா? டப்பாவுல உப்புத்தாள் மட்டும் தீந்துபோச்சு. அதை நீயே பாத்துக்க."

பாம்! பாம்!

லாரி கிளம்பிருச்சு. அன்னைக்கு 'சாப்ட்டியளா'ன்னுகூடக் கேக்கல பாத்துக்க. பஞ்சர் பேசியே பொழுது போச்சு.

சந்தனமாரி வீட்டுக்குப் போற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே போனா. உப்பளத்துல பொறந்து உப்பளத்துல வாழுறவகிட்ட உப்புத்தாள நீயே பாத்துக்கன்னு சொல்றாரு மனுசன்! இதுக்கு எங்க போவணும்?

"ம்."

நீ சொல்லு, உப்புத்தாள்னா என்ன? தச்சாசாரி மரத்தத் தேய்ப்பாரே, சொரசொரன்னு ஒரு தாளு, அதான். ஆனா அவளுக்கு அது தெரியாது. உப்புத்தாள்னா உப்புப் போட்ட தாளுன்னு நெனச்சுட்டா. அவ மேல தப்பு இல்ல. பேரு வச்சவன் மேல தப்பு.

வீட்டுக்குப் போனா. ஒரு நியூஸ் பேப்பர எடுத்தா. அளத்துல கெடக்குற கெட்டி உப்புத்தண்ணிய மேல ஊத்தினா. வெயில்ல காயவச்சா. அது அப்படியே வெள்ளை வெள்ளையாப் பூத்து, தடவினா சொரசொரன்னு இருந்துச்சு. நல்ல வேலைக்காரி இல்லையா, அதுலயும் ஒரு நேர்த்தி. பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் காட்டி, "எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்த உப்புத்தாளு" அப்படின்னு பெருமை வேற.

அப்போ அடுத்த வெள்ளிக்கிழமை. காலையில பாக்குறா, முன்சக்கரம் மறுபடி சப்புனு இருக்கு. சந்தோசப்பட்டா! பஞ்சர் ஆனதுக்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆளு உலகத்துலயே அவளாத்தான் இருப்பா. அளத்துல இருந்து வந்ததும் டயர நெம்பினா. டியூப்ப எடுத்தா. தண்ணியில முக்கினா. குளுக் குளுக் குளுக்! "இந்தா இருக்க!"ன்னு அந்த ஓட்டைய வெரல வச்சுப் புடிச்சுக்கிட்டா. தொடச்சா. உப்புத்தாள வச்சுத் தேய் தேய்னு தேச்சா. சொல்யூஷன் தடவினா. ஒரு டீ நேரம் காயவிட்டா. ஒட்டினா. பம்பு அடிச்சா. டுஸ்ஸு டுஸ்ஸு டுஸ்ஸு. சக்கரம் கல்லு மாதிரி ஆயிருச்சு.

ஏறி மிதிச்சா. சர்ர்ர்...

ரெண்டாவது வளைவு தாண்டல. புஸ்ஸ்ஸ்ஸ். உப்புல ஒட்டு நிக்குமா? உரிஞ்சு வந்துருச்சு.

தள்ளிக்கிட்டுப் போயிச் சேந்தா. லாரி போயிருச்சு. மரியபுஷ்பம் விசாரிச்சா. இவ அழாத குறையா நடந்ததச் சொல்லி, இடுப்புல செருகியிருந்த உப்புத்தாள எடுத்துக் காட்டினா. மரியபுஷ்பம் அதைப் பாத்தா. நாக்க நீட்டி நக்கிப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, பால் பொங்கி அடுப்பு அணைஞ்சே போச்சு.

"ஏ கிறுக்கச்சி, இத வச்சு ஊறுகாய்தான் போடலாம்!"

சந்தனமாரிக்கு மூஞ்சி செவந்துருச்சு. மரியபுஷ்பத்தோட வீட்டுக்காரரு தச்சு வேலை செய்யிறவரு. அவரு பெட்டியத் தொறந்து ஒரு துண்டு நெசமான உப்புத்தாள எடுத்துக் குடுத்தா. "இந்தா, இதுல உப்பு கிடையாது. நக்கிப் பாத்துறாத, நாக்கு போயிரும்."

"ம்..."

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை. பழைய ஓட்டைய நெசமான உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டி, அமுக்கி, பம்பு அடிச்சு, எல்லாம் சரியா இருந்துச்சு. டப்பாவ வீட்டுல வச்சிட்டுக் கிளம்பினா. இனி எதுக்கு டப்பா?

பாதி வழியில, புஸ்ஸ்ஸ்ஸ்.

ஏன்? ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா குத்தின முள்ளு டயருக்குள்ளயே இருந்துச்சு. டியூப்ப ஒட்டினாளே தவிர, டயருக்குள்ள வெரல விட்டுத் தடவிப் பாக்கல. கோட்டைச்சாமியும் அதைச் சொல்லல. அவனுக்கு அது மூச்சு விடுற மாதிரி பழக்கம். மூச்சு விடுன்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?

அன்னைக்கு அவ போய்ச் சேந்தப்ப மரியபுஷ்பம் சிரிக்கல. இவள உக்காரவச்சு டீ குடுத்தா. குடுத்துட்டுச் சொன்னா: "புள்ள, உன் வீட்டுக்காரரு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த வெள்ளிக்கிழமைதான் இந்த ரோட்டுல கடைசியாம். முதலாளி லாரிய நாகப்பூர்ப் பக்கம் மாத்திவிட்டுட்டாராம். போனா தீவாளிக்கும் வர முடியாதாம், தைப் பொங்கலுக்குத்தான் திரும்புவாகளாம். அடுத்த வாரம் எப்படியும் வரச் சொல்லுங்கக்கான்னு ரெண்டு தடவை சொன்னாரு."

அப்போ புரட்டாசி மாசம். தைப் பொங்கல் எங்க கெடக்கு, புரட்டாசி எங்க கெடக்கு.

போன் பேசலாமேன்னு நீ நெனப்ப. அந்த ஊர்ல போன் தபாலாபீசுல இருந்துச்சு. தபாலாபீசு பூட்டி இருந்துச்சு. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

தூங்கிட்டியா?

"ம்."

தூங்கினவ 'ம்' சொல்ல மாட்டா. சரி, கேளு.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. சந்தனமாரி டயருக்குள்ள வெரல விட்டு ஒரு சுத்து தடவிப் பாத்தா. முள்ளு இல்ல. டப்பாவ எடுத்துக் கேரியர்ல கட்டினா. பம்பச் செருகினா. உப்புத்தாள மடிச்சு இடுப்புல வச்சா. பேச வேண்டியதெல்லாம் வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே மிதிச்சா. ஆட்டுக்குட்டி. கூரை. கனவு. இந்தத் தடவை சாப்ட்டியளான்னு கேக்கவே கூடாது, சாப்பிட்டிருந்தா என்ன, சாப்பிடாட்டி என்ன...

டப்!

இந்தத் தடவை பின்சக்கரம்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

சட்டுனு இறங்கினா. அப்புறம் சைக்கிளக் கவுத்துப் போட்டா. டப்பாவத் தொறந்தா. பக்கத்துல ஓடை. நெம்பினா, எடுத்தா, முக்கினா. குளுக் குளுக். டயருக்குள்ள தடவினா, முள்ளு! புடுங்கி வீசினா. டியூப்ப முந்தானையால ஈரம் போவத் தொடச்சா. உப்புத்தாள், சரக் சரக் சரக். பழைய டியூப்புல ஒரு துண்டு வெட்டினா, அதையும் தேச்சா. சொல்யூஷன் தடவினா.

இப்ப காயணும். ஒரு டீ நேரம்.

அப்பப் பாத்து தூரத்துல பாம்னு ஒரு சத்தம். அவங்க லாரி ஹாரன். நாலு ரோட்டுக்கு வந்து நின்னாச்சு.

அங்க சுடலை அண்ணாச்சி டீக்குச் சொல்லிட்டாரு. இங்க சொல்யூஷன் பளபளன்னு ஈரமா இருக்கு. அங்க கோட்டைச்சாமி ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பான். இங்க இவ டியூப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. ஒட்டிரு ஒட்டிருன்னு கை பறக்குது. ஈரத்துல ஒட்டினா உரிஞ்சிரும். உரிஞ்சா இன்னைக்கும் இல்ல, தைப் பொங்கல் வரைக்கும் இல்ல. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அது மேலேயே உக்காந்துக்கிட்டா.

அண்ணாச்சி முதல் மடக்கு குடிச்சிருப்பாரு. சொல்யூஷன் பளபளப்பு ஓரத்துல கொறையுது. ரெண்டாவது மடக்கு. ஒரு எறும்பு ஓடி வந்துச்சு, ஊதிவிட்டா. "அக்கா, நாக்கு பொசுங்கணும்னு சொன்னாரா, சொல்லுங்கக்கா, இன்னைக்கு நல்லாக் கொதிக்கப் போட்டியளா?" அப்படின்னு முள்ளுமரத்துகிட்ட கேட்டா. முள்ளுமரம் என்னத்தச் சொல்லும்? அண்ணாச்சி கிளாஸக் கவுத்துச் சக்கரைய உறிஞ்சுறாரு. இங்க பளபளப்பு போயி, தொட்டா வெரல்ல ஒட்டாம மங்கலா ஆயிருச்சு.

ஒட்டினா. அமுக்கினா. உசிரக் குடுத்து அமுக்கினா.

பாம்! பாம்!

லாரி கிளம்பிருச்சு.

டியூப்ப உள்ள திணிச்சு டயர மாட்டினா. டுஸ்ஸு டுஸ்ஸு டுஸ்ஸு. ஏறினா. மிதிச்சா மிதிச்சா மிதிச்சா, ஒட்டு நின்னுச்சு! கல்லு மாதிரி நின்னுச்சு! நாலு ரோட்டுல லாரி இல்ல. மரியபுஷ்பம் ரோட்டுலயே நிக்கிறா, கைய நீட்டி நீட்டிக் கத்துறா: "நிக்காத புள்ள, போ போ! ரயில்வே கேட்டு மூடியிருக்கு! லாரி எல்லாம் அங்க நிக்கிது!"

சந்தனமாரி நாலு ரோட்டத் தாண்டி அதுக்கு முன்ன சைக்கிள்ல போனதே இல்ல. போனா. தார் ரோடு. லாரி லாரியா வரிசை. கூட்ஸ் வண்டி போவுது, தடக் தடக், தடக் தடக். "மெதுவாப் போ சாமி, மெதுவாப் போ"ன்னு ரயிலுகிட்டக் கெஞ்சிக்கிட்டே மிதிச்சா. ரயிலு என்ன, போயே போச்சு. கேட்டு கிரீச்சுனு தூக்குது. எல்லா லாரியும் டுர்ர்ர்னு உறுமுது.

எது அவங்க லாரி? எல்லாம் உப்பு லாரி. எல்லாத்துக்கும் ஒரே தார்ப்பாய். பின்னாடி எல்லாத்துலயும் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கு.

"ஏங்க!"ன்னு கத்தினா.

வரிசை பூரா தலை நீட்டுச்சு. எல்லா லாரியிலயும் ஒரு புருஷன் இருந்தான் பாத்துக்க.

"உங்களத்தாங்க! இந்தாங்க!"

"என்னயாம்மா?"ன்னு ஏழெட்டுப் பேரு. ஒரு கிழவனாரு மீசையக்கூடத் தடவிவிட்டுக்கிட்டாரு.

"சுடலை அண்ணாச்சீ!"

அது அதைவிட மோசம். அந்தப் பக்கம் டிரைவர்னா பாதிப் பேரு சுடலைதான். "ஏன்மா?" "யாரும்மா?" "நான்தாம்மா சுடலை!" அப்படின்னு ஆளாளுக்குப் பதில் சொல்றாங்க.

முன்னாடி லாரி எல்லாம் நகர ஆரம்பிச்சிருச்சு.

இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஆனா அது அவளால முடியாதது. அப்பெல்லாம் பொம்பளைங்க புருஷன் பேர வாயால சொல்ல மாட்டாங்க. சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு ஒரு பேச்சு. ரேசன் கடையில 'வீட்டுக்காரர் பேரு என்ன?'ன்னு கேட்டாக்கூட சந்தனமாரி பக்கத்துல நிக்கிறவளப் பாப்பா, அவதான் சொல்லணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தப் பேரு அவ வாயில வந்ததே இல்ல.

அவ யோசிச்சா. எவ்வளவு நேரம்? ஒரு மிதி நேரம். நாகப்பூர் ரோட்டு வெயிலும், பள்ளமும், தூங்காத கண்ணும் கொறைக்காத ஆயுசையா என் வாயி கொறைக்கப் போவுது?

மூச்ச இழுத்தா.

"கோட்டைச்சாமீ...! ஏ கோட்டைச்சாமீ...!"

அளத்துல காத்துக்கு எதிரக் கூப்பிட்டுப் பழகின தொண்டை அது. கேட்டுக்காரரே கைய நிறுத்திட்டாரு.

வரிசையில முன்னாடி ஒரு லாரியில இருந்து ஒரு தலை வெளிய வந்துச்சு. ஒரே ஒரு தலை.

சந்தனமாரி பக்கத்துல போய்ச் சேந்தா. கோட்டைச்சாமி படியில இறங்கித் தொங்குறான். பின்னாடி லாரி எல்லாம் பாம் பாம்னு கத்துது. நிக்க முடியாது. ஆனா என்னமோ தெரியல, சுடலை அண்ணாச்சி லாரி அன்னைக்கு முதல் கியரத் தாண்டவே இல்ல. "கியர் சிக்கிக்கிச்சுல" அப்படின்னாரு அண்ணாச்சி, நேரா ரோட்டப் பாத்துக்கிட்டு. தண்டவாளத்துல தடக்கு தடக்குனு ஏறி இறங்கி, லாரியும் சைக்கிளும் சோடியாப் போவுது.

"பஞ்சரா?"

"ஆமா. பின்சக்கரம்."

"நீயா ஒட்டின?"

"பின்ன, முள்ளுமரமா வந்து ஒட்டுச்சு?"

"காயவிட்டியா?"

"விட்டேன்" அப்படின்னா.

ஆட்டுக்குட்டி, கூரை, கனவு ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே போனாங்க. அவன் கையில கிரீஸு. அவ கையிலயும் கறுப்பு. அவன் கைய நீட்டி சைக்கிள் ஹாண்டில்பாரப் புடிச்சுக்கிட்டான். அவ மிதிக்கிறத நிறுத்திட்டா. கொஞ்ச தூரம் சைக்கிள் அவன் கையிலயே போச்சு.

அப்புறம் அவன் மெதுவாக் கேட்டான்: "ஏட்டி, யாரோ என் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"யாரு? எனக்குக் கேக்கல."

"இன்னொரு தடவை சொல்லு."

"மாட்டேன்."

"தைப் பொங்கலுக்குத்தான் வருவேன். ஒரே ஒரு தடவை."

"மாட்டேன். போங்க."

அப்போ ரோடு அகலமாச்சு. பின்னாடி வண்டிக்காரங்க வையிறதும் பொறுக்க முடியல. கியர் சரியாயிருச்சு. அவன் கைய விட்டான். லாரி முன்னாடி போச்சு, இன்னும் முன்னாடி போச்சு, படியில ஒரு ஆளு திரும்பிப் பாத்துக்கிட்டே, சின்னதா, இன்னும் சின்னதா. தூசி நின்னுச்சு. அப்புறம் தூசியும் போச்சு.

சந்தனமாரி ஒரு கால ஊனிக்கிட்டு அங்கேயே நின்னா. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ரோடுதான் இருந்துச்சு.

அப்புறம் சைக்கிளத் திருப்பினா.

முள்ளுக்காடு வந்துச்சு. முன்னயும் பாத்தா, பின்னயும் பாத்தா. ஆளு இல்ல. ஒரு ஆடுகூட இல்ல. மெதுவா, உதட்டுக்குள்ளயே, "கோட்டைச்சாமி" அப்படின்னா. நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி, கொஞ்சம் சத்தமா, "கோட்டைச்சாமி." ஒரு மிதிக்கு ஒரு தடவை. வெளிச்சம் சாயிற நேரம் உப்புக் குவியல் எல்லாம் மஞ்சளா நின்னுச்சு. அது எல்லாத்துகிட்டயும் சொல்லிக்கிட்டே போனா. வீடு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே போனா.

...

'ம்' காணோம்.

சரி. அவ வீடு போய்ச் சேந்துட்டா. கதைக்கும் ஸ்டாண்டு போட்டாச்சு. தூங்கு கண்ணு.